இசைஞர் நிற்கும் இடம்

சிலப்பதிகார அரங்கேற்று காதையைப் பயிலும் நம் மாணவமணிகள் அரங்கின் அளவைப் பிழையின்றி எழுதுவர்: 8 கோல் நீளம், 7 கோல் அகலம், 1 கோல் உயரம். அவ்வரங்கில் யார் எங்கே நின்றனர் என்பதையோ விரைந்து கடந்துவிடுவர். மாதவி வலத்தூணருகே சேர்கிறாள்; தோரிய மடந்தையர் இடத்தூணருகே நிற்கின்றனர். குயிலுவக் கருவியாளரும் முறைப்படி நிற்க, குழலை யாழும், யாழைத் தண்ணுமையும், அதனை முழவும் பின்பற்றுகின்றன. மெல்லொலி முன்னே, வல்லொலி பின்னே!

ஒலிப்பதிவுக்கும் இதுவே நெறி. 1902-இல் கெய்ஸ்பர்க் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பதிவு செய்தபோது ஒலிவாங்கி கிடையாது. ஊதுகுழல் போன்ற கூம்பு ஒன்றுதான். பாடுவோர் அதன் வாயருகே நிற்க, உரத்த கருவிகள் விலகி நின்றன. 1925-இல் மின்பதிவு வந்த பின்னரே இக்கட்டுப்பாடு தளர்ந்தது. கருவிதோறும் ஓர் ஒலிவாங்கி வைக்கும் இன்றைய வழக்கம் எனக்கு அத்துணை உவப்பன்று. ஒருவர் இசையை ஒருவர் செவிமடுத்து அடங்கும் பண்பு அதில் குறைகிறது.

ஏரியூரில் முதியவர் ஒருவர் முனாஜாத்துப் பாட, இருவர் தாயிரா கொட்டினர். ஏட்டில் ஏறாத பாடல்கள் அவை. அவரையன்றி அறிந்தோர் அங்கு இலர். கைப்பேசி ஒன்றே எம்மிடம் இருந்தது. திறந்த முற்றத்தில் பாடுபவரை 2 அடியிலும் தாயிராக்காரரை 8 அடியிலும் அமர்த்தினோம். தொலைவு 4 மடங்கானால் வெட்டவெளியில் ஒலிச்செறிவு 16-இல் ஒரு பங்காகும். சுவர் சூழ்ந்த அறையில் அவ்வளவு குறையாது. தம் கொட்டு அடங்கிவிட்டதென்று தாயிராக்காரர் குறைப்பட்டனர். பெரியவரின் பேரனோ, பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, பாடல்களைக் குறிப்பேட்டில் எழுதத் தொடங்கியிருந்தான்.