இருப்பான் என்பதற்கு ஸ்பானிஷில் என்ன?

மணி ஹைஸ்ட் பார்த்து முடித்த கையோடு ஸ்பானிஷ் படிக்க வெளிக்கிட்டோம். நாங்கள் என்றால் அக்கா தங்கச்சி இரண்டு பேர், ஒரே கம்பஸ், ஒரே கலைப்பீடம். லீவுக்குக் கிளிநொச்சிக்கு வந்தாலும் போனில் பாடம் ஓடும்.

நிகழ்காலத்தில் வினையின் வாலை வெட்டி வேறு வால் ஒட்டவேண்டும். எதிர்காலத்தில் அந்தக் கரைச்சல் இல்லை. 'அப்லார்' என்றால் கதைக்கிறது. முழுச் சொல்லையும் அப்படியே வைத்துப் பின்னால் ஒட்டினால் சரி: அப்லாரே, அப்லாராஸ், அப்லாரா, அப்லாரெமோஸ், அப்லாரெய்ஸ், அப்லாரான். எங்கட பேச்சில கதைப்பன், கதைப்பாய், கதைப்பான், கதைப்பம், கதைப்பியள், கதைப்பினம். சாப்பிடுற 'கொமேர்', வாழுற 'விவிர்' எல்லாத்துக்கும் இதே ஆறு வால்தான். அவனுக்கும் அவளுக்கும் ஒரே 'அப்லாரா'. இன்னொரு விசயம், அப்லார் வந்ததும் லத்தீனில் 'கதை' என்ற சொல்லில் இருந்துதான். தமிழ்நாட்டுப் படங்களில் எல்லாரும் 'பேச', நாங்கள் மட்டும்தான் 'கதைக்கிற' ஆக்கள் என்று நினைத்திருந்தோம்.

அடுத்தது 'எஸ்தார்', இருக்கிறது. 'எஸ்தாரா என் காசா' என்றால் நாளைக்கு வீட்டில் இருப்பான் என்றும் வரும், இப்போது வீட்டில் இருப்பான் போல என்றும் வரும். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்களுக்கு இது குழப்பமாம். எங்களுக்கு விளக்கமே தேவைப்படவில்லை.

ஏனென்றால் எங்கட வீட்டில் ஒவ்வொரு நாளும் புழங்குகிற சொல் அது. 2009 மே மாதத்துக்குப் பிறகு மாமாவைக் காணவில்லை. "எங்கயோ இருப்பான்" என்பா அம்மம்மா. 'இருந்தான்' என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் அன்றைக்கு அவ சாப்பிடமாட்டா.

2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கியபோது அம்மம்மாவும் மாமாவின் படத்தோடு போய் இருந்தவ. "எங்கட பிள்ளையள் எங்கே?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் வினையே இல்லை, காலமும் இல்லை. சிலி நாட்டில் பினோசே காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் இப்படித்தான் படங்களோடு நின்று 'தோந்தே எஸ்தான்?' என்று கேட்டார்கள். எங்கே இருக்கிறார்கள்? நிகழ்காலம், பதில் சொல்ல வேண்டியவனைப் பார்த்துக் கேட்பது. அதையே 'தோந்தே எஸ்தாரான்?' என்று மாற்றினால் 'எங்க இருப்பினம்?' அது அரசாங்கத்திடம் கேட்கிற கேள்வி இல்லை. இரவில் விளக்கை நூர்த்த பிறகு அம்மம்மா கேட்கிறது.

அவவுக்கு 'எஸ்தாரா' சொல்லிக் காட்டினோம்.

"அப்ப 'வருவான்' எண்டதுக்கு என்ன?"

எங்கட பட்டியலில் அது இல்லை. தேடிப் பார்த்தால், எதிர்காலத்தில் ஒழுங்குக்கு வராத பத்துப் பன்னிரண்டு வினைகளில் அதுவும் ஒன்று. 'வெந்த்ரா' என்று வரும். சொன்னோம். இரண்டு தரம் சொல்லிப் பாத்திட்டுத் தேத்தண்ணி போட எழும்பினா.