ஆயிலோடு காற்று சேரக் கூடாது

கோவை கணபதியில், லேத் பட்டறைகளுக்கும் ஃபவுண்டரிகளுக்கும் நடுவே இருக்கிறது அந்த ரேஸ் பட்டறை. பழைய ஹோண்டா சிட்டி ஒன்றின் இன்ஜினை ஸ்டாண்டில் தலைகீழாக மாட்டி, ஆயில் சேம்பரைக் கழற்றி வைத்திருந்தார்கள். தலைமை மெக்கானிக் ஒரு பேரிங்கின் பாதியை என் உள்ளங்கையில் வைத்தார். வழவழவென்று இருக்க வேண்டிய உள்பக்கம் கீறிக் கருத்திருந்தது. ஓரத்தில் உலோகம் உருகி இழுபட்டிருந்தது.

“வளைவுல திரும்பறப்ப பிரஷர் முள்ளு சட்டுனு எறங்கி ஏறியிருக்குங்க. ஓட்டுனவரு ரோட்டத்தான பாப்பாரு, முள்ளையா பாப்பாரு?” என்றார்.

ஓடும் பஸ்ஸில் வாளித் தண்ணீர் ஒரு பக்கமாக ஏறுவதுபோல, கார் வேகமாகத் திரும்பும்போது சேம்பரில் உள்ள ஆயிலும் ஒருபக்கமாக ஒதுங்கும். பக்கவாட்டு விசை புவியீர்ப்பு விசைக்குச் சமமானால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். பந்தய டயர்களுக்கு அந்த அளவு விசை எட்டக்கூடியதுதான். அப்போது ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரியும். பம்ப் காற்றை இழுக்கும். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 0.05 மி.மீ.தான். அதை நிரப்பி நிற்கும் ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். மிகச் சில நொடிகளில் பேரிங் போய்விடும்.

இதற்கு முழுமையான தீர்வு டிரை சம்ப். ஆயிலைச் சேம்பரில் தேக்கி வைக்காமல் தனி டேங்கில் வைப்பது இந்த முறை. பம்ப்பின் ஒரு பகுதி (ஸ்டேஜ்) டேங்கிலிருந்து ஆயிலை எடுத்து இன்ஜினுக்கு அழுத்தத்தோடு கொடுக்கும். மற்ற பகுதிகள் சேம்பரில் விழும் ஆயிலை விழுந்த உடனே இழுத்து டேங்குக்குத் திருப்பும். சேம்பரின் ஆழம் குறைவதால் இன்ஜினையே தாழ்வாக உட்கார வைக்கலாம். கிராங்க் ஆயிலை அடித்துச் சுழற்றி வீணாக்கும் சக்தியும் மிச்சமாகும்.

நமக்கு இது அந்நியமான ஏற்பாடும் அல்ல. திருவொற்றியூரில் தயாரான பழைய வார்ப்பிரும்பு புல்லட்டில் ஆயில் கிராங்கின் அடியில் தேங்காது; வார்ப்புக்குள்ளேயே தனி அறையில் இருக்கும். கொடுக்க ஒரு பம்ப், திருப்ப ஒரு பம்ப். திருப்பும் பம்ப்புக்குத்தான் திறன் அதிகம். இன்றைய ரேஸ் இன்ஜினிலும் கணக்கு அதுவே. திரும்பி வரும் ஆயில் காற்றோடு நுரைத்து, கன அளவில் பெருத்து வருகிறது. அதனால் கொடுப்பதைவிட இழுப்பது கூடுதலாக இருந்தே ஆக வேண்டும்.

“எத்தன ஸ்டேஜ் பம்ப் வாங்கறதுன்னுதான் எல்லாரும் மொதல்ல கேக்கறாங்க. ஆயில் எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னுதானுங்க மொதல்ல கேக்கோணும்” என்றார் அவர். அதற்கும் முன்னால் விதிப்புத்தகத்தைப் பார்க்கச் சொல்கிறார். எல்லாப் பிரிவுகளிலும் டிரை சம்ப்புக்கு அனுமதி கிடையாது. அனுமதி இல்லாத இடத்திலும், மிதமான வேகத்துக்கும், சேம்பருக்குள் தடுப்புத் தகடுகளும் சிறு கதவுகளும் வைத்து ஆயிலைக் குழாயின் வாயருகே நிறுத்தலாம். செலவு மிகக் குறைவு. அதுவே போதும் என்றால் அவர் டிரை சம்ப்பைப் பரிந்துரைப்பதில்லை.

இந்தக் காருக்குப் போதவில்லை. அதன் இன்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கம் திரும்பினால் ஆயில் கிராங்கின் ஒரு முனைக்கும், வலப்பக்கம் திரும்பினால் மறு முனைக்கும் ஓடும். ஆகவே புதிய அலுமினிய சேம்பரில் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு உறிஞ்சுவாய். பம்ப்பில் இழுக்க இரண்டு ஸ்டேஜ், கொடுக்க ஒன்று, ஆக மூன்று. உறிஞ்சுவாய் ஒவ்வொன்றிலும் கம்பி வலை உண்டு. உடைந்த உலோகத் துணுக்கு ஏதாவது பம்ப்புக்குள் போனால் பம்ப்பும் சேர்ந்து போய்விடும்.

டேங்க் உயரமாக, ஒடுக்கமாக இருக்கிறது. திரும்பும் ஆயில் மேலே பக்கவாட்டில் நுழைந்து சுவரை ஒட்டிச் சுழன்று இறங்கும். அந்தச் சுழற்சியில்தான் காற்று பிரிகிறது. மேலே காற்றுக்கு இடம் வேண்டும் என்பதால் டேங்கை முழுக்க நிரப்பக் கூடாது. அளவையும் இன்ஜின் சூடேறி ஓடும்போதே பார்க்க வேண்டும். டேங்கிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸ் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல், வளைவில்லாமல், குட்டையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுப்பதே இல்லை.

பொருத்தும் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். இன்ஜினோடு வந்த பழைய பம்ப்பின் கியரை எடுத்துவிட்டு அதன் வழியை அடைத்தார்கள். அடைக்காமல் விட்டால் புதிய பம்ப் தரும் ஆயில் அந்த வழியாகவே சேம்பருக்கு இறங்கிவிடும். இன்ஜின் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் புதிய பம்ப்பின் பிராக்கெட்டை பாடியில் மாட்டாமல் இன்ஜின் பிளாக்கிலேயே மாட்டினார்கள். கிராங்கின் வேகத்தில் ஏறக்குறைய பாதியில் பம்ப் சுழலும்படி புல்லிகள். இரண்டின் முகத்திலும் ஸ்கேலை வைத்து, வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்தார் இளம் ஃபிட்டர். பல் பெல்ட்டை இறுக்கப் போனவரை மூத்தவர் தடுத்தார். “வேண்டாம் கண்ணு. சூடானா அலுமினியம் விரியும், பெல்ட் தானா இறுகிக்கும். இப்பவே இறுக்குனா பம்ப் பேரிங் தாங்காது.”

ஹோஸ் வெட்டியதும் வேலை முடிவதில்லை. வெட்டிய இடத்தில் ரப்பர் பொடி ஒட்டியிருக்கும். துணியைக் கம்பியில் கட்டி உள்ளே இழுத்து, காற்று அடித்து, மறுபடி துணி விட்டு, அது வெள்ளையாகவே வெளியே வரும்வரை இழுத்தார்கள். அந்தப் பொடி பேரிங்கின் ஆயில் துளையை அடைத்தால் இத்தனை செலவும் வீண்.

பிறகு பெல்ட்டைக் கழற்றி, கை டிரில்லால் பம்ப்பை அது சுழல வேண்டிய திசையிலேயே சுழற்றினார்கள். ஹோஸ் வழியே ஆயில் ஏறியது. பிரஷர் முள் அசைந்து எழுந்தது. எல்லா இணைப்பையும் விரலால் தடவிக் கசிவு பார்த்த பிறகுதான் இன்ஜினை உயிர்ப்பிக்கும் பேச்சே வந்தது. சூடேறிய இன்ஜினில் ஆயிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய கணக்கை அளவுகோலாக வைத்து, பம்ப்பிலிருக்கும் ஸ்க்ரூவால் அழுத்தத்தைச் சரிசெய்தார்கள். முதல் ஓட்டத்துக்குப் பின் ஃபில்டரை அறுத்து, மடிப்பு மடிப்பாக விரித்து உலோகத் துகள் தேடினார்கள். நிறுத்தி வைத்த காரில் டேங்கின் ஆயில் பம்ப் வழியே மெல்ல இன்ஜினுக்குள் இறங்கும். பழைய புல்லட்காரர்களுக்குத் தெரிந்த தொல்லைதான். அதனால் நாள்கணக்கில் நின்ற காரை ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பது அந்தப் பட்டறையின் சட்டம்.

இந்தக் கைத்திறன் கோவையில் வேர்விட்டதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் பம்ப் ஊர் இது. கியருக்கும் உறைக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்பதைத் தலைமுறையாகக் கடைந்து பழகிய கைகள் இங்கே உண்டு. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா கார்கள் கட்டிய எஸ். கரிவரதன் 1995இல் மறைந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தளம் இருக்கிறது. அவர் காலத்து ஊக்கத்தில் பந்தய வேலைக்கு வந்தவர்களிடம் தொழில் கற்றவர்கள்தான் இன்று இந்த இளைஞர்களுக்குக் கற்றுத் தருகிறார்கள்.

பம்ப், டேங்க், ஹோஸ் எல்லாவற்றுக்கும் அணிகள் தாராளமாகச் செலவழிக்கின்றன. பொருத்துகிறவர்களுக்கு நேரம் மட்டும் தருவதில்லை. போட்டிக்கு முந்தைய நாள் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கி, விடிவதற்குள் ஓட வேண்டும் என்கிறார்கள். தூக்கமில்லாத கண்ணுக்கு ரப்பர் பொடி தெரியாது. துணி இன்னொரு முறை உள்ளே போகாது. டிரை சம்ப் வாங்க நினைப்பவர்கள் பம்ப் விலையை விசாரிக்கும்போதே பட்டறையில் எத்தனை நாள் வேண்டும் என்றும் கேட்க வேண்டும்; சோதித்துப் பார்க்கும் நாளுக்கும் சேர்த்துக் கூலி பேச வேண்டும். என் உள்ளங்கையில் வைத்ததைப் போன்ற பேரிங்குகள் குறைய வேண்டுமானால், அந்தக் கூலியில் கை வைக்கக் கூடாது.