ஜெயிச்சா அடுத்து எங்க?

கால்பந்து பற்றி எழுதினா எத்தனை பேர் படிப்பீங்கன்னு எனக்குத் தெரியும். கிரிக்கெட்னா சண்டைக்கு வர்றதுக்குன்னே அறுபது பேர் இருக்கீங்க. கால்பந்துன்னா ரெண்டு பேர், அதுல ஒருத்தர் மலையாளி :-) இருந்தாலும் எழுதறேன். இது பந்தை விட படிக்கட்டு பற்றின விஷயம்.

எங்க ஊர் அருள்புரம். திருப்பூர்ல இருந்து பல்லடம் போற ரோட்டுல இருக்கு. இங்க யாருக்கும் ப்ரமோஷன், ரெலிகேஷன்னு வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. கைமடிக்குச் சேர்ந்தவர் ஓவர்லாக் பழகி, டெய்லராகி, பத்து மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து, ஒரு நாள் சொந்தக் கம்பெனி ஓனராகறது இங்க சினிமாக் கதை இல்லீங்க, பக்கத்து வீட்டுக் கதை. அதே மாதிரி ஓனரா இருந்தவர் ஆர்டர் கேன்சலாகி, மெஷினை வித்துட்டு, இன்னொரு கம்பெனிக்கு சூபர்வைசராப் போறதும் பக்கத்து வீட்டுக் கதைதான். அவரே நாலு வருஷம் கழிச்சு திரும்ப ஷெட் பிடிச்சு ஆரம்பிக்கறதும் உண்டு. ஏற வழி இருக்கு, இறங்க வழி இருக்கு, இறங்கினவர் மறுபடி ஏறவும் வழி இருக்கு. ஊரே அப்படித்தான் ஓடுது.

ஞாயித்துக்கிழமை இங்க நடக்கிற கால்பந்துக்கு மட்டும் அந்த வழி கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி சம்பளம். வாரம் முழுக்க காலையில எட்டரைக்கு உள்ள போய் ராத்திரி எட்டரைக்கு வெளிய வர்ற 'ஒன்றரை ஷிப்ட்' ஆளுங்களுக்கு ஞாயிறு ஒண்ணுதான் மிச்சம். அன்னைக்குக் காலி இடம் எங்க இருந்தாலும் ரெண்டு பக்கமும் கல்லை வச்சு கோல் போஸ்ட் ஆக்கிடுவாங்க. உள்ளூர்ப் பசங்க பாதி. மணிப்பூர், அசாம், ஒடிசா, வங்காளம், ஜார்க்கண்ட்ல இருந்து பனியன் வேலைக்கு வந்த பசங்க பாதி. அவங்கள்ல சிலர் பந்தை நெஞ்சுல வாங்கி இறக்கறதைப் பார்த்தா, இவன் ஏன் இங்க நூல் பிசிறு வெட்டிட்டு இருக்கான்னு தோணும்.

வருஷத்துக்கு நாலஞ்சு டோர்னமெண்ட் நடக்கும். பொங்கலுக்கு ஒண்ணு, கோயில் நோம்பிக்கு ஒண்ணு, யாராவது பெரிய மனுஷர் பிறந்தநாளுக்கு ஒண்ணு. எல்லாமே நாக்-அவுட். கட்டணம் கட்டி, வேன் பிடிச்சு வர்ற டீம்ல பாதி முதல் மேட்ச்லயே மூட்டையைக் கட்டிடும். கணக்கைப் பாருங்க. 16 டீம் வந்தா முதல் ரவுண்டுலயே 8 டீம் வெளிய. மொத்தம் 15 மேட்ச். அதே 16 டீமை ரெண்டு டிவிஷனாப் பிரிச்சு, ஒவ்வொருத்தரும் தன் டிவிஷன்ல இருக்கிற மத்த 7 டீமோடயும் ஒரு தடவை ஆடினா 56 மேட்ச். மோசமான டீமுக்கும் 7 ஞாயிறு ஆட்டம் உறுதி.

எங்க கம்பெனியில செக்கிங்ல ஒரு மணிப்பூர் தம்பி இருந்தான். அவன் டீம் ஒரு தடவை கப் அடிச்சது. திங்கட்கிழமை டீ டைம்ல கை குடுத்தேன். தமிழ் நல்லாவே பேசுவான்.

"ஜெயிச்சாச்சுங்ணா. அடுத்து எங்க?"

"அடுத்த பொங்கலுக்குத்தான் தம்பி."

"அது திரும்ப இதே தானுங்ணா?"

நான் என்ன சொல்றது? இதேதான். கப்பு ஒண்ணு ஷெல்ஃப்ல ஏறும். டீம் இருந்த இடத்துலயே இருக்கும். ஆறு மாசத்துல ரெண்டு பேர் ஊருக்குப் போயிடுவாங்க, ஒருத்தன் வேற கம்பெனிக்கு மாறிடுவான், அந்த டீம் இருந்ததுக்கே தடயம் இருக்காது. அவனும் அடுத்த வருஷம் ஊருக்குப் போனவன்தான், திரும்பி வரல.

அவன் கேட்ட கேள்விக்கு இங்கிலாந்துல நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு பதில் கண்டுபிடிச்சாங்க. அங்க 1888-ல 12 கிளப்போட லீக் ஆரம்பிச்சது. 1892-ல இரண்டாம் டிவிஷன் வந்தது. யார் மேல போறது, யார் கீழ வர்றதுன்னு முடிவு பண்ண சீசன் கடைசியில 'டெஸ்ட் மேட்ச்'னு தனியா வச்சாங்க. 1898-ல ஸ்டோக்கும் பர்ன்லியும் அப்படி ஒரு மேட்ச் ஆடினப்ப, டிரா ஆனா ரெண்டு பேருமே மேல் டிவிஷன்ல இருக்கலாம்னு கணக்கு. அப்புறம் என்ன, ரெண்டு டீமும் கோல் பக்கமே போகாம 0-0ன்னு முடிச்சிட்டாங்க. (நம்மாளுங்க மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க!) அதோட டெஸ்ட் மேட்ச் ஒழிஞ்சது. சீசன் முழுக்க எடுத்த பாயிண்ட்டை வச்சு, மேல கடைசியா வந்தவர் கீழ, கீழ முதல்ல வந்தவர் மேலன்னு தானா நடக்கிற முறை வந்தது.

அதே 1898-லதான் நம்ம கல்கத்தா லீகும் ஆரம்பிச்சது. ஆசியாவிலேயே பழைய லீக். ஆனா ஆரம்பத்துல வெள்ளைக்காரங்க டீமுக்கு மட்டும். 1911-ல மோகன் பகான் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வெறுங்காலோட ஜெயிச்ச கதை எல்லாருக்கும் தெரியும். அந்த மோகன் பகானுக்கே லீகோட இரண்டாம் டிவிஷன்ல இடம் கிடைச்சது 1914-லதான். அடுத்த வருஷம் மேல ஏறினாங்க. அப்புறம் முதல் டிவிஷன்ல ரெண்டு இந்தியக் கிளப்புக்கு மேல கூடாதுன்னு ஒரு விதி. அந்தக் கதவை உடைச்சு 1925-ல மேல வந்தது ஈஸ்ட் பெங்கால். 1933-ல இரண்டாம் டிவிஷனை ஜெயிச்ச முகமதன் ஸ்போர்ட்டிங், மேல வந்த முதல் வருஷமே, 1934-ல, சாம்பியன். அந்த லீகை ஜெயிச்ச முதல் இந்தியக் கிளப். தொடர்ந்து அஞ்சு வருஷம் விடல. கீழ இருந்து வர ஒரு படிக்கட்டு இல்லாம இருந்தா முகமதன்னு ஒரு டீம் இருந்ததே நமக்குத் தெரிஞ்சிருக்காது.

நாடு முழுக்க லீக்னு வந்தது 1996-ல. தேசிய கால்பந்து லீக். முதல் சாம்பியன் யார் தெரியுமா? ஜே.சி.டி. பஞ்சாப்ல பக்வாராங்கிற ஊர்ல இருந்த துணி மில்லோட டீம்! பாய்ச்சுங் பூட்டியா அந்த டீம்ல ஆடினவர்தான். துணி ஓட்டற ஊர் ஒண்ணு இந்தியாவுக்கே சாம்பியன் ஆச்சுங்கிறதை எங்க ஊர்ல எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன்! ஒருத்தரும் நம்பறதில்லை.

2007-ல அந்த லீக் ஐ-லீக்னு மாறுச்சு. 2014-ல ஐ.எஸ்.எல். வந்தது. நட்சத்திரங்கள், லைட், டி.வி., எல்லாம் சரி. ஆனா ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. பணம் கட்டினவங்களுக்கு நிரந்தர சீட்டு.

அதோட வலியைப் பார்த்தது கோயம்புத்தூர். 2018-19 ஐ-லீக். பேரு சென்னை சிட்டி, ஆடினது கோவை நேரு ஸ்டேடியத்துல. சிங்கப்பூர் கோச் அக்பர் நவாஸ், ஸ்பெயின்ல இருந்து வந்த பெட்ரோ மான்சி, கூடவே நம்ம பசங்க. 2019 மார்ச் 9, கடைசி மேட்ச். மினர்வா பஞ்சாப் முதல்ல கோல் போட, அப்புறம் திருப்பி அடிச்சு 3-1. 43 பாயிண்ட்டோட சாம்பியன். ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே ஒரு பாயிண்ட்!

அடுத்து எங்க? எங்கயும் இல்லை. அந்த வருஷம் அக்டோபர்லயே ஆசிய கூட்டமைப்போட சேர்ந்து போட்ட திட்டத்துல ஐ.எஸ்.எல்.தான் முதல் லீக்னு ஆச்சு. ஐ-லீக் சாம்பியன் மேல போற வழி 2022-23 சீசன்ல இருந்துதான்னு எழுதினாங்க. மூணு வருஷம் லேட்டு. 2021-22 ஐ-லீக்ல சென்னை சிட்டிங்கிற பேரே இல்லை. ஆனா 2020-ல ஈஸ்ட் பெங்கால் ஐ.எஸ்.எல்.குள்ள போயிட்டாங்க, முதலீட்டாளர் கையைப் பிடிச்சுக்கிட்டு. 1925-ல ஆடி ஜெயிச்சு கதவைத் திறந்த அதே கிளப்!

நல்ல செய்தியும் சொல்லணும். திட்டத்துல எழுதினது நடந்தது. 2022-23-ஐ ஜெயிச்ச பஞ்சாப் எஃப்.சி., 2023-24-ஐ ஜெயிச்ச முகமதன், ரெண்டும் ஆடி ஜெயிச்சே ஐ.எஸ்.எல். போனாங்க. 2024-25 சாம்பியன் யாருங்கிறது சர்ச்சில் பிரதர்ஸுக்கும் இன்டர் காசிக்கும் வழக்காகி, 2025 ஜூலையில ஸ்விட்சர்லாந்துல இருக்கிற விளையாட்டு நடுவர் மன்றம் இன்டர் காசின்னு தீர்ப்பு சொல்லிச்சு. படிக்கட்டு இருந்தா அதுக்கு சண்டையும் வரும். வரட்டும். ஏறத் தகுந்த இடம்னு நினைக்கிறதாலதானே சண்டை.

கீழ் அடுக்குலயும் அசைவு வந்தது. 2023-ல ஐ-லீக் 3 ஆரம்பிச்சாங்க. முதல் வருஷமே அதை ஜெயிச்ச ஸ்போர்ட்டிங் கிளப் பெங்களூரு, அடுத்து ஐ-லீக் 2-வையும் ஜெயிச்சு ஐ-லீக் போனது. 2024-25-ல அங்க இருந்து கீழயும் இறங்கினது. 2022-ல ஆரம்பிச்ச டயமண்ட் ஹார்பர், 2024-25-ல ஒரே சீசன்ல ரெண்டு படி ஏறினது.

சரி, இறங்கறதால செத்துப் போற டீம் இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு. மறுபடி ஜே.சி.டி.தான். 2010-11 ஐ-லீக்ல கீழ இறங்கினாங்க. 2011-ல மில் நிர்வாகம் டீமையே கலைச்சிடுச்சு. அதே 2011 ஜனவரியில ஹைகோர்ட் உத்தரவுல எங்க ஊர் சாயப்பட்டறைகள் மூடினது ஞாபகம் இருக்கா? அன்னைக்கு எத்தனை ஓனர்கள் எத்தனை படி இறங்கினாங்கன்னு நாங்க பார்த்தோம். ஒரே முதலாளி தோள்ல நிக்கிற டீம், அவருக்கு ஒரு கெட்ட வருஷம் வந்தா சாயும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீத வரி போட்டப்ப, இங்க முதல்ல யோசிச்சது போனஸை. அடுத்து வெட்டினது இந்த மாதிரி டோர்னமெண்ட் நன்கொடையைத்தான்.

ஆனா ஜே.சி.டி.யைக் கொன்னது இறங்கினதுன்னு நான் நினைக்கல. இறங்கின இடத்துல ஒண்ணுமே இல்லாததுதான். பார்க்க ஆள் இல்லை, டி.வி. இல்லை, திரும்ப ஏறலாம்ங்கிற நம்பிக்கை இல்லை. இங்கிலாந்துல விம்பிள்டன் கிளப்பை வேற ஊருக்குத் தூக்கிட்டுப் போனப்ப, 2002-ல ரசிகர்களே காசு போட்டு ஏ.எஃப்.சி. விம்பிள்டன்னு புதுசா ஆரம்பிச்சாங்க. ஒன்பதாவது அடுக்குல. 2011-ல அஞ்சு படி ஏறி லீகுக்குள்ள வந்துட்டாங்க. ஒன்பதாவது அடுக்குன்னு ஒண்ணு உயிரோட இருந்ததாலதான் அது முடிஞ்சது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னையில டிவிஷன் டிவிஷனா லீக் நடக்கறது பல காலப் பழக்கம். இந்தியன் வங்கி, வருமான வரித்துறை, ஐ.சி.எஃப்., சுங்கத்துறைன்னு ஆபீஸ் டீம்கள் எல்லாம் அதுல ஆடினதுதான். மாவட்டங்களுக்கு நடுவுலயும் போட்டி உண்டு, ஆனா அது மாவட்டத்துக்குன்னு பொறுக்கி எடுத்த அணிக்கு. அருள்புரத்துல ஞாயிறு ஆடற டீமுக்கு அதுல என்ன இருக்கு?

என் ஆசையைச் சொல்றேன், சிரிக்காம கேளுங்க.

1. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி. நாலு மாவட்டத்துக்கு ஒரு கொங்கு லீக். திருப்பூர்ல இருந்து கோவையும் ஈரோடும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். காலையில கிளம்பி ராத்திரி வீட்டுக்கு வந்துடலாம், திங்கட்கிழமை ஷிப்ட் போகாது.

2. மேல் டிவிஷன்ல 8 டீம், சொந்த ஊர்ல ஒண்ணு, எதிராளி ஊர்ல ஒண்ணு. 14 ஞாயிறு. அதுக்குக் கீழ மாவட்டத்துக்கு ஒரு டிவிஷன், அது அந்தந்த மாவட்டத்துக்குள்ளயே. கீழ போகப் போக வேன் வாடகை குறையணும். பிரமிடோட அர்த்தமே அதுதான்.

3. மேல கடைசியா வந்தவர் கண்டிப்பா இறங்கணும். ஏழாவது இடத்துக்கு மேட்ச்? பிளே-ஆஃப். அப்பதான் கடைசி ஞாயிறு வரைக்கும் கீழ இருக்கிற டீமும் மாடு மாதிரி ஓடும்.

4. வேலைக்கு வந்த பசங்களை முதல் நாள்லயே முறைப்படி பதிவு பண்ணணும். சம்மேளனத்தோட ஆன்லைன் பதிவுமுறை ஏற்கனவே இருக்கு. ஊருக்குப் போனாலும் 'இவன் திருப்பூர்ல இத்தனை மேட்ச் ஆடினான்'னு ஒரு காகிதமாவது அவன் கையில இருக்கும்.

5. கம்பெனி பேர் சட்டையில இருக்கட்டும், டீம் பேர்ல வேண்டாம். ஓனர் மாறினாலும் டீம் மாறக் கூடாது.

6. இந்த லீகை ஜெயிச்சவருக்கு மாநில அளவுல ஒரு இடம். எழுத்துல. சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே.

இந்த ஆறாவது இல்லாம மத்த அஞ்சும் வீண். மேல கதவு இல்லாத லீக்னா, பொங்கல் கப்பையே 14 வாரத்துக்கு இழுத்த மாதிரி ஆயிடும். கதவு திறந்திருந்தா போதும், எல்லாரும் போகணும்னு இல்லை. முக்காவாசி டீம் வாழ்நாள் முழுக்க நடுவுலயே இருக்கும். பரவாயில்லை, எங்க ஊர்லயும் முக்காவாசி பேர் ஓனர் ஆகல. ஆனா போனவரைப் பார்த்திருக்காங்க, பேர் சொல்லுவாங்க, அடுத்தவன் மெஷின்ல உக்காரும்போது அது நெஞ்சுல இருக்கும்.

கோவை, ஈரோட்டுப் பக்கம் இருக்கிற நண்பர்கள் உங்க ஊர்ல ஞாயிறு எத்தனை டீம் ஆடுதுன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. எங்க ரோட்டுல மட்டும் நான் எண்ணினது ஆறு. இன்னும் ரெண்டு கிடைச்சா ஒரு டிவிஷன்.