கோன் பில்டரும் மண்ணெண்ணெய்க் காலமும்

யாழ்ப்பாணத்துப் பெடியள் இப்போது காரின் பழைய எயார் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பு மாதிரி ஒரு கோன் பில்டரைப் பூட்டுகிறார்கள். என்னிடம் படித்துப் போனவர்களும் அதில் உண்டு. சத்தம் நல்லாகத்தான் இருக்கிறது. பலம் கூடினதா என்று கேட்டால், "ஓம் சேர், இழுவை வேற மாதிரி" என்கிறார்கள். பொனற்றைத் திறந்து பார்த்தால் பில்டர் எக்சோஸ்ட் மனிபோல்டுக்குப் பக்கத்தில் மறைப்பில்லாமல் நிற்கும். கொதிக்கிற காற்றைத்தான் அது குடிக்கிறது.

கணக்கு சின்னது. வெளியே 35 பாகை, பொனற்றுக்குள் 65 பாகை என்று வையுங்கள். கெல்வினில் 308, 338. வகுத்தால் 0.91. அதாவது ஒரே கனவளவுக் காற்றில் ஒட்சிசன் 9 வீதம் குறைவு. கம்பனி பூட்டிய பெட்டி வடிவில்லாமல் இருக்கலாம். ஆனால் அநேகமான புதுக் கார்களில் அதன் மூக்கு முன்பக்கம் நீண்டு வெளிக்காற்றை எடுக்கும். அதைக் கழற்றக் காசும் கொடுக்கிறோம்.

என்னுடையது ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஏ60, 1622 சிசி. இந்த எஞ்சினில் காற்று உள்ளே போகிற மனிபோல்டும் புகை வெளியேறுகிற மனிபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. காபரேற்றர் அடுப்பில் ஏற்றிய சட்டி மாதிரி. சித்திரை, வைகாசி வெயிலில் ஓடிவந்து பத்து நிமிடம் நிறுத்தினால் பிறகு ஸ்டார்ட் எடுக்காது. பெற்றோலின் இலேசான பகுதிகள் 35, 40 பாகையிலேயே கொதிக்கத் தொடங்கும். நின்ற எஞ்சினின் சூடு மேலே ஏற, காபரேற்றர் கிண்ணத்துக்குள்ளேயே பொங்கிவிடும். ஜும்ஆ முடிந்து வந்து, பள்ளிவாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டுத் தள்ளிய வெள்ளிக்கிழமைகள் பல.

கொக்குவிலில் ஒரு கராஜில் தடுப்புச் செய்வித்தேன். மெக்கானிக் ஐயாவுக்கு எழுபது வயதிருக்கும். இரண்டு அலுமினியத் தகடு, இடையில் ஒரு விரல் இடைவெளி. சூட்டைத் தடுப்பதில் பாதி வேலை அந்த இடைவெளிக் காற்றுடையது; ஒற்றைத் தகட்டை மனிபோல்டில் முட்ட வைத்தால் தகடே அடுப்பாகிவிடும். பிறகு மூன்று அங்குலக் குழாய் ஒன்று, ரேடியேற்றருக்கு முன்னால் கிரிலுக்குப் பின்பக்கமாக. குழாயின் வாயைப் பதித்து வைக்கவேண்டாம். கார்த்திகை மழைக்கு எங்கள் ஒழுங்கைகளில் நிற்கிற வெள்ளத்தை எஞ்சின் உறிஞ்சினால் கொனெக்டிங் றொட் வளைந்துவிடும், தண்ணீர் அமுங்காது. பில்டர் பழைய கடதாசிப் பில்டர்தான். வலிகாமத்துச் செம்மண் தூசிக்கு அதுவே நல்லது.

இவ்வளவு செய்தும் 1622 சிசியில் வேகம் கூடியதாக நான் சொல்லமாட்டேன். சூட்டோடு ஸ்டார்ட் எடுக்கிறது. எனக்கு அது போதும்.

தகட்டை வெட்டும்போது ஐயா சிரித்தார். "அந்தக் காலத்தில இப்பிடித் தகடு இருந்தாக் கழட்டி எறிஞ்சனாங்கள் சேர். எங்களுக்குச் சூடு வேணும்." 1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கி, குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமல் போன காலத்தைச் சொன்னார். மண்ணெண்ணெய் 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினில் அது துளியாகவே கிடக்கும். ஆகவே சின்னப் போத்தலில் சேமித்த பெற்றோலைக் கொஞ்சம் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எண்ணெய்க் குழாயை எக்சோஸ்டில் சுற்றிச் சூடாக்கியதாகவும் சொன்னார். இங்கிலாந்தில் ஒரு காலம் உழவு இயந்திரங்களையும் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில்தான் ஓட்டினார்கள். அவை அதற்கென்றே செய்யப்பட்டவை. இங்கே ஏ40க்கும் மொறிஸ் மைனருக்கும் கைவேலையாகச் செய்தார்கள். எஞ்சின் 'நொக்' அடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டனைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கிவிடும்.

இந்தக் கதையை யாழ்ப்பாணம் பெருமையாகச் சொல்லும், சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது சொல்லப்படும் இடங்களில் எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. 1990 ஒக்ரோபர் 30இல், இரண்டு மணி நேர அவகாசத்தில், சோனகதெரு முழுதும் வெளியேற்றப்பட்டது. நான் பிறந்தது புத்தளத்தில்.

ஐயா தகட்டில் துளை போட்டபடியே சொன்னார்: "உங்கட ஆக்கள் விட்டிட்டுப் போன காருகளும் என்ர கையால மண்ணெண்ணெய்க்கு மாறினது சேர். கொண்டுவந்தவையிட்டை நான் கேள்வி கேக்கேலாது." துளைக் கருவியை நிறுத்திவிட்டுக் கொஞ்சநேரம் நின்றார். நான் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "பிடியுங்கோ, மற்றப் பக்கம்" என்றார்.

வாப்பா ஐந்து சந்தியில் ஏ40 ஒன்றில் ஹயர் ஓடினவர். ஜூனிலிருந்து பெற்றோல் இல்லாமல் வீட்டில் நின்ற காரை ஒக்ரோபரில் விட்டுவிட்டு நடந்தவர். இப்போதும் புத்தளத்தில்தான் இருக்கிறார். அன்றிரவு போனில் இதைச் சொன்னேன். கனநேரம் பேச்சில்லை, லைன் போய்விட்டதென்று நினைத்தேன்.

"மண்ணெண்ணெயில ஓடினா அடிக்கடி ஒயில் மாத்தணுமே மகன்," என்றார். "மாத்தியிருப்பாங்களா?"