நாடாவின் வேகம்

பாய்ந்து செல்லும் பொருளின் வேகத்தை அளப்பது எப்படி? தூரத்தைக் காலத்தால் வகுத்தால் போதும் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடும். துப்பாக்கிக் குண்டுக்கு அந்தக் காலத்தை எந்தக் கடிகாரத்தில் பார்ப்பது என்பதல்லவா சிக்கல்!

பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர் கடிகாரமே இல்லாமல் அளந்தார். தொங்கும் கனமான மரப்பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து, உந்த அழியா விதியால் வேகத்தைக் கணக்கிட்டார். 1742இல் அவர் வெளியிட்ட நூல் பீரங்கிக் கலையையே மாற்றியது. காற்றின் தடை அதுவரை எண்ணியதைவிட மிகப் பெரிது என்று தெரிந்தது. அந்த ராபின்ஸ் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க இங்கு வந்து, 1751இல் நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காலமானார் என்பதை எத்தனை பேர் அறிவோம்?

பின்னர் வந்தது காலப்பதிவுக் கருவி. இரண்டு வாயில்கள், நடுவே அளந்த தூரம். முதல் வாயிலைக் கடக்கையில் கடிகாரம் ஓடத் தொடங்கும், இரண்டாவதில் நிற்கும். அன்று கம்பி அறுந்தது, இன்று ஒளி மறைகிறது. அவ்வளவே வேறுபாடு.

என் தேவை குண்டன்று, தறிநாடா. அப்பாவுக்கு வலது தோளில் வலி. கயிற்றை இவ்வளவு வேகமாக இழுக்கத்தான் வேண்டுமா என்பது என் கேள்வி. குண்டுக்கென்று விற்கும் கருவி வானத்து வெளிச்சத்தை நம்பியது, தறிக்கூடத்துக்கு ஆகாது. குழல்விளக்கோ நொடிக்கு 100 முறை மினுக்குவது. ஆகவே துறையிலிருந்த அகச்சிவப்பு ஒளிவாயில்களைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கினேன்.

இரு வாயில்களை இரு கரையிலும் வைத்தால் சராசரி வேகமே கிடைக்கும். பாவின் இழைகளும் ஒளியை மறைக்கும். எனவே நாடாப்பெட்டிக்கும் துணியின் கரைக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில், பக்கத்துக்கு ஓர் இணையாக வைத்தேன். நாடாவின் பின்னே இழுபடும் ஊடையும் ஒளியை மறைக்குமாதலால் முதல் மறைப்பை மட்டும் கணக்கில் கொண்டேன். கோர்வை இல்லாத சேலையில்தான் பார்த்தேன். கோர்வையில் கரைநாடாவைக் கையால் விடுவார்கள்.

கருவி வாங்குவோர் கடிகாரத்தின் நுட்பத்தையே கேட்கிறார்கள். 20 செ.மீ. இடைவெளியை நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கடக்க நொடியில் 25இல் ஒரு பங்கு ஆகும். இடைவெளியில் 1 செ.மீ. பிசகினால் விடையில் 5 விழுக்காடு போயிற்று! அடிக்கோலுக்குத்தான் முதல் மரியாதை.

பாவைக் கடந்த பின்னும் நாடாவிடம் பெரும்பகுதி வேகம் மிஞ்சியிருந்தது. அது முழுவதும் பெட்டியில் மோதித் தீர்ந்தது. தாளைக் காட்டினேன். “மெதுவா விட்டா நாடா நடுவுல நின்னுடும்பா. மேல பலகை விழுந்தா எத்தனை இழை அறும் தெரியுமா? முடியறது உன் பேராசிரியரா?” என்றார் அப்பா. ஆனாலும் மறுநாள் காலை, என்னைப் பாராமலே, கயிற்றைச் சற்றுத் தளர்த்தி இழுத்துப் பார்த்தார். மதியம்வரை ஓர் இழையும் அறவில்லை.