பச்சை காட்டும் கிளஸ்டர்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கிளஸ்டர் ஹெல்த் ஏ.பி.ஐ.யைக் கேட்டதும் நிலை மஞ்சள் என்று வந்தது. பிரைமரி ஷார்டுகள் எல்லாம் இருக்கின்றன. ரெப்ளிகா ஒன்றுக்கு இடமில்லை. தேடுகிறவர்களுக்கு இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. சிவப்பு என்றால்தான் ஏதோ ஒரு பிரைமரியே காணவில்லை, அதிலுள்ள ஆவணங்கள் தேடலில் வராது.

நோடு ஏதும் கழன்றுவிட்டதா என்று பார்த்தேன். மூன்றும் இருந்தன. அடுத்து அலோகேஷன் எக்ஸ்பிளெயின். எலாஸ்டிக்சர்ச்சில் எனக்கு மிகவும் பிடித்த ஏ.பி.ஐ. இதுதான். ஒவ்வொரு நோடாக எடுத்து, இந்த ஷார்டை இங்கே ஏன் வைக்க முடியாது என்று காரணத்தோடு சொல்லும். முதல் நோடில் அதே ஷார்டின் பிரைமரி இருக்கிறது. நகலையும் அங்கேயே வைக்கக் கூடாது. மற்ற இரண்டிலும் டிஸ்க் 85 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. பழைய லாக் இண்டெக்ஸ்களை நீக்க அனுமதி கேட்டு எழுதினேன்.

மார்ச் 5, புதன்

பதில் இல்லை.

மார்ச் 6, வியாழன்

மஞ்சள் மறைந்து பச்சை. டிஸ்க்கில் ஒரு ஜி.பி. கூடக் குறையவில்லையே என்று செட்டிங்ஸைப் பார்த்தால், அந்த இண்டெக்ஸின் ரெப்ளிகா எண்ணிக்கையை யாரோ 0 ஆக்கியிருக்கிறார்கள். அந்த நோடின் டிஸ்க் போனால் தரவும் போய்விடும். மேலாளரிடம் சொன்னேன். "பச்சைதானே காட்டுது, அப்புறம் என்ன?" என்றார். வருத்தமாக இருந்தது. எல்லா ஷார்டுக்கும் இடம் கிடைத்துவிட்டது என்பதற்கு மேல் பச்சை எதையும் சொல்வதில்லை. நகலே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது வேறு எதைக் காட்டும்?

மார்ச் 7, வெள்ளி

மதியத்திலிருந்து புதிய ஆவணம் எதுவும் ஏறவில்லை. ஹெல்த் அப்போதும் பச்சை! கேட் அலோகேஷனில் ஒரு நோடு 96 சதவீதம். 95-ஐத் தொட்டாலே, அந்த நோடில் ஷார்டு உள்ள இண்டெக்ஸ்கள் எல்லாம் எழுத முடியாதபடி பூட்டப்பட்டுவிடும். படிக்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான். இப்போது அனுமதி உடனே வந்தது. லாக் இண்டெக்ஸ்களை நீக்கினேன். 90-க்குக் கீழே இறங்கியதும் பூட்டு தானாகவே விலகியது. 7.4-க்கு முந்தைய பதிப்பாக இருந்தால் கையால்தான் எடுத்திருக்க வேண்டும்.

ரெப்ளிகாவை மறுபடி 1 ஆக்கினேன். நகல் ஏறும்வரை மஞ்சள். கேட் ரிகவரியில் சதவீதம் மெல்ல நகர்ந்தது.

மார்ச் 8, சனி

எச்சரிக்கைகளை மாற்றி எழுதினேன். இனி நோடு வாரியாக டிஸ்க், ஹீப், நிராகரிக்கப்பட்ட எழுதும் கோரிக்கைகள் மூன்றையும் தனித்தனியே கேட்கும். ரெப்ளிகா 0 உள்ள இண்டெக்ஸ்களின் பட்டியல் தினமும் காலையில் மேலாளருக்கும் போகும்.