கூத்துக் களரியில் ஒருவரும் பலரும்

கூத்துப் பலர் கூடி ஆடுவது. ஆயினும், ஆட வருகின்ற ஒவ்வொருவனுக்கும் தான் ஒளிர வேண்டும் என்னும் ஆசை உண்டு. அவ்வாசை இல்லாதவன், பகலெல்லாம் வயலில் உழைத்த பின்னர், இரவில் மாதக்கணக்காக ஆட்டம் பழக வருவானா?

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் உள்ளது கரடியனாறு. இத்தகைய வயலூர்கள் நிறைந்த மட்டக்களப்பு நாட்டின் கூத்து மரபு, அவ்வாசையை அடக்க முயலவில்லை. அதற்கு ஓர் இடம் வகுத்தது. அண்ணாவியார் குரலையும் உடற்கட்டையும் பார்த்தே வேடம் கொடுப்பார். அருச்சுனன் வேடத்தைப் பலர் விரும்புவர், இருப்பதோ ஒன்றே! ஆனால், அரசனாயினும் கட்டியகாரனாயினும் களரியுள் புகும்போது அவனுக்கென ஒரு வரவுப் பாட்டும் ஆட்டமும் உண்டு. அவ்வேளை களரி அவனுடையது. அவனுடைய தாயும் மச்சான்மாரும் தூக்கத்தை விலக்கிக் காத்திருப்பது அதற்காகத்தான்.

அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. அவன் பாடும் அடியைப் பிற்பாட்டுக்காரர் ஏற்றுப் பாடாவிட்டால் அவன் மூச்சு விடியும்வரை நில்லாது. இன்னுமொரு சுற்று ஆடக் கால் துடித்தாலும், அண்ணாவியார் மத்தளத்தில் தாளந் தீர்த்துவிட்டால் ஆட்டம் நின்றே ஆக வேண்டும். எவரும் எவரையும் கடிந்துகொள்வதில்லை, மத்தளமே சொல்லிவிடுகிறது.

1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டை நம் மாணவருட் சிலர் அறிந்திருப்பர். மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, ஒருவர் நடத்த, கதையை வளர்க்கும் ஆட்டம் அது. அங்கும் ஒருவனே வீரம் பேசிக்கொண்டிருந்தால் மற்றவர் கொட்டாவி விடுவர். நடத்துபவர் முறை வகுத்துக் கொடுக்க வேண்டும். அவருக்கு மத்தளம் இல்லை, பாவம்!

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960-களில் கூத்தை மேடைக்கேற்பச் சுருக்கி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றினார். கூத்தைப் புறக்கணித்த நகரத்தாரும் அதனால் வந்து பார்த்தனர். அது பெரும் பணியே. எனினும், அவ்வழியைப் பின்பற்றிப் பாடசாலை மேடைக்காகக் கூத்தைக் குறுக்குவோர் முதலில் வெட்டுவது சிறு வேடக்காரரின் வரவையே. இதனை நாம் ஒப்ப மாட்டோம். நேரம் போதாதெனில் கதையில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நாயகனின் நீண்ட தருக்கத்திலும் நாலு பாட்டைக் குறைக்கலாம். ஈட்டி பிடித்து நிற்கும் சேவகப் பையனும் ஒருமுறை தன் சதங்கை ஒலிக்க ஆடிவிட்டு நிற்கட்டும்.